செக்யுலரிசம்: ஒரு சொல்லின் பூர்வோத்தரம்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரே ஒரு வார்த்தையேயாகும். அதுவும் நம் நாட்டு வார்த்தையல்ல, இங்கிலீஷ் வார்த்தை. "ஒரு வார்த்தைக்காக ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அந்த வார்த்தை நம் அரசியல் சட்டத்தில் இருக்கின்றது. கோர்ட்டுத் தீர்ப்புகளில் வருகின்றது. தேர்தல் வந்துவிட்டால் எல்லாக் கட்சிக்காரர்களுடைய வாயிலும் புகுந்து வருகின்றது. இவ்வளவு இருந்தும், அதற்குப் பொருள் என்ன என்று நாலு பேரைக் கேட்டால் நாலு விதமாய்ச் சொல்லுகின்றார்கள். ஒருவர், "அது நாத்திகம்" என்கின்றார். மற்றொருவர், "எல்லா மதத்தையும் சமமாய்க் கும்பிடுவது" என்கின்றார். இன்னொருவர், "சர்க்கார் எந்த மதத்திலும் தலையிடாமல் இருப்பது" என்கின்றார். நாலாமவர், "அது வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு எதற்கு?" என்கின்றார். அந்த வார்த்தைதான் செக்யுலரிசம் என்பது.

ஒரு நிலத்தைப்பற்றித் தகராறு வந்தால் என்ன செய்கின்றோம்? பழைய பத்திரங்களைத் தேடி எடுத்து, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பார்க்கின்றோம். அதுபோலவே இந்த வார்த்தையின் பத்திரத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

இதன் மூலம் லத்தீன் பாஷை. பழைய ரோமாபுரி மக்கள் "சேகுலம்" என்று ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு தலைமுறை, அல்லது ஒரு மனிதன் அதிகமாய் உயிரோடிருக்கக்கூடிய காலம் என்பது பொருள். இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் நூறு வருஷத்தைச் "சியேக்கிள்" என்றும், இத்தாலியர் "செக்கோலோ" என்றும் சொல்லுவது இதிலிருந்து வந்ததேயாகும். ஆகவே பிறந்தபோது இந்த வார்த்தைக்குக் கடவுள் சண்டையும் இல்லை, மதச் சண்டையும் இல்லை. அது வெறும் காலக் கணக்கு.

அந்தக் காலக் கணக்கையும் புரோகிதர்கள் விட்டார்களா என்றால், இல்லை. ஒரு சேகுலத்துக்கு ஒரு தரம் தேவதைகளுக்குப் பலியிட்டு ஒரு பெரிய உற்சவம் செய்யவேண்டும் என்று ரோமாபுரியில் ஒரு ஏற்பாடு இருந்தது. கி.மு. 17இல் அகஸ்டஸ் சக்கரவர்த்தி அதை மிக ஆடம்பரமாய்ச் செய்தார். அவருடைய கணக்குக்கு ஒரு சேகுலம் என்பது 110 வருஷம். பின்னால் கிளாடியஸ் சக்கரவர்த்திக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. 110 வருஷம் காத்திருக்க அவருக்கு ஆயுள் ஏது? ஆகவே கணக்கை மாற்றிக்கொண்டு கி.பி. 47இலேயே உற்சவத்தை நடத்தினார். வழக்கப்படி தண்டோராக்காரன், "யாரும் கண்டிராததும், இனி யாரும் காணமாட்டாததுமான உற்சவம்" என்று கூவினானாம். முந்தின உற்சவத்தைக் கண்ணால் பார்த்த கிழவர்கள் கூட்டத்தில் இருந்தபடியால், ஜனங்கள் சிரித்தார்கள் என்று சுவெட்டோனியஸ் என்கின்ற ரோம சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கின்றார். சடங்குக்கு ஏற்றபடி காலம் நடக்காவிட்டால், காலத்தையே திருத்தி எழுதுவது நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரருக்கு மாத்திரம் சொந்தமான வித்தையல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

நிற்க. பிறகு கிறிஸ்து மதம் ரோமாபுரியில் ஆட்சிக்கு வந்தது. அப்போது இந்த வார்த்தையின் தலைவிதி மாறிற்று. பாதிரிகள், "காலம் இரண்டு வகை, ஒன்று முடிவில்லாத மோட்ச காலம், மற்றொன்று முடிந்துபோகிற இந்தக் காலம்" என்றார்கள். முடிந்துபோகிற இந்தக் காலத்துக்குச் "சேகுலம்" என்ற பேரை நிலைக்க வைத்தார்கள். நாளடைவில் இந்தக் காலம் என்பது இந்த உலகம் என்றாகி, இந்த உலகம் என்பது மட்டமானது, மாயை, அழுக்கு என்றும் ஆகிவிட்டது. ஒரு தலைமுறை மக்களின் வாழ்வு என்று பொருள் கொண்டிருந்த நல்ல வார்த்தை, அந்த வாழ்வையே இளப்பமாய்ச் சொல்லுகின்ற வார்த்தையாய்ப் போயிற்று. நம்மிடமும் இம்மை, மறுமை என்று இரண்டைச் சொல்லி, இம்மையில் உழைக்கின்றவனுக்குக் கூலி மறுமையில் என்று சொல்லவில்லையா? அதே வியாபாரந்தான் அங்கும்.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். இங்கிலீஷ் பாஷையில் "செக்யுலர்" என்ற வார்த்தை முதல் முதல் யாருக்கு வழங்கிற்று என்றால், பாதிரிகளுக்கேதான். மடத்துக்குள் இருந்துகொண்டு மட விதிப்படி வாழ்கின்ற சந்நியாசிப் பாதிரிக்கு ஒரு பேர். ஊருக்குள் ஜனங்களோடு இருந்து ஞானஸ்நானமும் கலியாணமும் சாவுச் சடங்கும் நடத்தி வைக்கின்ற பாதிரிக்கு "செக்யுலர் பாதிரி" என்று பேர். கத்தோலிக்க சபையில் இந்த வழக்கம் இன்றும் இருக்கின்றது. செக்யுலர் என்றால் மத விரோதம் என்று பயப்படுகின்ற நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும்.

அடுத்தபடியாக இந்த வார்த்தை சொத்து விஷயத்தில் நுழைந்தது. எட்டாவது ஹென்றி அரசன் 1536 முதல் 1540 வரைக்குள் இங்கிலாந்திலுள்ள மடங்களைக் கலைத்து, அவற்றின் நிலங்களைப் பிடுங்கிக்கொண்டான். ஜர்மனி தேசத்தில் முப்பது வருஷ யுத்தம் 1648இல் முடிந்தபோது, சபையின் நிலங்கள் பல அரசர்கள் கைக்கு மாறின. இப்படிச் சபைச் சொத்து உலகத்தார் சொத்தாவதற்குச் "செக்யுலரைசேஷன்" என்று பேர் வந்தது. ஆனால் உலகத்தார் என்றால் யார்? உழுதவனா? இல்லை. இங்கிலாந்தில் மடத்து நிலத்தில் பெரும்பகுதி பிரபுக்களுக்கும் பணக்காரர்களுக்கும் விலையாய்ப் போயிற்று. பாதிரிக்குக் குத்தகை அளந்தவன் பிரபுவுக்கு அளந்தான். ஆகவே பேர் மாறினதனாலேயே ஏழைக்கு விடிந்துவிடாது என்கின்ற பாடமும் இந்தச் சரித்திரத்தில் இருக்கின்றது.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம். "செக்யுலர்" என்கின்ற பழைய வார்த்தையோடு "இசம்" என்ற வாலைச் சேர்த்து, அதை ஒரு கொள்கையாக்கி உலகத்துக்குக் கொடுத்தவர் ஒரு பண்டிதருமல்ல, ஒரு பிரபுவுமல்ல. அவர் ஒரு கருமான் பட்டறைத் தொழிலாளி. பேர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக். 1817ஆம் வருஷம் பர்மிங்ஹாமில் பிறந்தவர். தகப்பனார் வேலை செய்த இரும்புப் பட்டறையிலேயே சிறு பிள்ளையாய் இருக்கும்போதே வேலைக்குப் போனவர். பிறகு தொழிலாளர் படிப்பு நிலையத்தில் சாயங்கால வேளைகளில் போய்ப் படித்து அறிவு தேடிக்கொண்டவர்.

அவருடைய சிறு வயதில் நடந்த ஒரு சம்பவத்தை அவரே தம் சுயசரித்திரத்தில் எழுதியிருக்கின்றார். ஊர்ப் பாதிரிக்கு வருஷத்துக்கு ஒரு தரம் ஈஸ்டர் வரி என்று நாலு பென்னி கட்டவேண்டும். அந்தச் சமயம் வீட்டில் ஒரு பெண் குழந்தைக்குக் கடுமையான நோய். இருந்த சில்லறைக் காசு மருந்துக்கும் ஆகாரத்துக்கும் வேண்டியிருந்தபடியால் வரி கட்டத் தாமதமாயிற்று. உடனே சம்மன் வந்துவிட்டது. செலவுக்கென்று மேற்கொண்டு இரண்டரை ஷில்லிங்கும் ஏறிவிட்டது. தாயார் பயந்துபோய், நோயாளிக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் பணம் கட்டப்போய், அங்கே வெகு நேரம் காக்க வைக்கப்பட்டார். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது குழந்தை இறந்து கிடந்தது. தோழர்களே! அந்த நாலு பென்னி எந்த உலகத்துக்காக வாங்கப்பட்டது? போன உயிர் எந்த உலகத்து உயிர்? இந்தக் கேள்வி அந்தச் சிறுவன் மனதில் விழுந்திருக்குமா, இருக்காதா?

பெரியவரானதும் அவர் ராபர்ட் ஓவன் என்பாருடைய சமதர்மக் கூட்டத்தில் சேர்ந்து பிரசாரகரானார். 1842இல் அவருடைய சினேகிதர் சார்ல்ஸ் சவுத்வெல் என்கின்ற பத்திராதிபர் தேவதூஷணைக் குற்றத்துக்காகப் பிரிஸ்டல் ஜெயிலில் இருந்தார். அவரைப் பார்க்க ஹோலியோக் பர்மிங்ஹாமிலிருந்து கால்நடையாய்ப் புறப்பட்டார். வழியில் செல்ட்டன்ஹாம் என்கின்ற ஊரில் ஒரு பிரசங்கம் செய்தார். ஏழைகளுக்குக் குடியிருப்புகள் ஏற்படுத்திக்கொள்வது எப்படி என்பதே விஷயம். முடிவில் ஒருவர் எழுந்து, "உமது திட்டத்தில் வீடு இருக்கின்றது, வயல் இருக்கின்றது, கோயில் எங்கே?" என்று கேட்டார். அதற்கு ஹோலியோக், மதத்துக்காக இந்த நாடு வருஷத்துக்கு இரண்டு கோடி பவுன் செலவழிக்கின்றது, ஏழைகளாகிய நமக்கு அவ்வளவு தாங்காது, ஆகவே வேலையில்லாத பட்டாள உத்தியோகஸ்தர்களுக்குச் சர்க்கார் அரைச் சம்பளம் கொடுப்பதுபோல் கடவுளையும் அரைச் சம்பளத்தில் வைக்கலாம் என்கின்ற கருத்துப்படப் பதில் சொன்னார்.

அவ்வளவுதான். ஊர்ப் பத்திரிகை கூச்சல் போட்டது. போலீஸ் பிடித்தது. குளோஸ்டர் கோர்ட்டில் விசாரணை. வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தாமே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வாதாடினார். தண்டனை ஆறு மாதம். அவர் ஜெயிலில் இருக்கும்போது, வெளியே போதிய ஆகாரமின்றி மெலிந்துபோன அவருடைய சிறு பெண் குழந்தை மேடலின் இறந்துபோனாள். தங்கை ஒருத்தி வரியினால் போனாள்; மகள் ஒருத்தி வார்த்தையினால் போனாள். இவ்வளவும் நடந்த பிறகு அந்த மனிதர் என்ன செய்தார்? பழி வாங்கவேண்டும் என்று புறப்படவில்லை. ஒரு வார்த்தை தேடினார்.

ஏன் வார்த்தை தேடவேண்டும் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் "நாத்திகன்" என்றால் திருடன், குடிகாரன், குடும்பத்துக்கு ஆகாதவன் என்று ஜனங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அதோடு அந்த வார்த்தை "இது இல்லை" என்று மாத்திரம் சொல்லுகின்றதே ஒழிய, "இது வேண்டும்" என்று ஒன்றும் சொல்லவில்லை. நமக்கு எது வேண்டாம் என்பதைவிட எது வேண்டும் என்பதைச் சொல்லுகின்ற பேர் அல்லவா ஒரு கட்சிக்கு வேண்டும்? ஆகவே 1851இல் தாம் நடத்திவந்த "ரீசனர்" பத்திரிகையில் "செக்யுலரிசம்" என்ற வார்த்தையை வழங்க ஆரம்பித்தார். பாதிரிகள் இளப்பமாய்த் தள்ளி வைத்த அந்த "இந்த உலகம்" என்ற வார்த்தையையே எடுத்துத் தலையில் சூட்டிக்கொண்டார்.

அவர் அதற்குச் சொன்ன கொள்கைகள் சுருக்கமானவை. இந்த வாழ்வை இந்த உலகத்துச் சாதனங்களைக் கொண்டே விருத்தி செய்யவேண்டும். மனிதனுக்குக் கைக்கெட்டிய கடவுள் கிருபை சயன்ஸ்தான். வேறு உலகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த உலகத்தில் நன்மை செய்வது நன்மையே. இவ்வளவுதான். இதில் யார் நம்பிக்கையையும் திட்டவில்லை. மறு உலகம் இல்லை என்றுகூட வற்புறுத்தவில்லை. "இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது பசிக்கு வழி பார்" என்பதே தாத்பரியம்.

இதைச் சொன்னவர் சொல்லோடு நிற்கவுமில்லை. பத்திரிகைகளுக்குப் போட்டிருந்த முத்திரை வரியை எதிர்த்து வேலை செய்தார். அது 1855இல் ஒழிந்தது. ராச்டேல் என்கின்ற ஊரில் 1844இல் 28 தொழிலாளர்கள் காசு போட்டு ஆரம்பித்த கூட்டுறவுக் கடையின் சரித்திரத்தை எழுதி நாடெங்கும் பரப்பினார். கலப்படமில்லாத மாவும், சரியான எடையும், லாபத்தில் பங்கும் அவருக்குச் செக்யுலரிசமாகவே பட்டன. 1906இல் காலமாகும் வரையில் கூட்டுறவு வேலையை அவர் விடவில்லை.

இனி, ஒரு வார்த்தையினால் சட்டம் எப்படி மாறுகின்றது என்று பாருங்கள். அக்காலத்து இங்கிலாந்தில் கடவுள் பேரால் பிரமாணம் செய்யாதவன் கோர்ட்டில் சாட்சி சொல்ல முடியாது. அதாவது நாத்திகன் வீட்டில் திருடு போனால், அவன் பொய்யாகப் பிரமாணம் செய்தால் சாட்சி சொல்லலாம். உண்மையைச் சொல்லி, "எனக்கு நம்பிக்கை இல்லை" என்றால் சாட்சி செல்லாது! பொய்யனுக்கு நியாயம், யோக்கியனுக்கு வாசற்படி. 1869இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே இந்த அநியாயம் கோர்ட்டிலிருந்து பெரும்பாலும் போயிற்று.

பார்லிமெண்டில் அது போக இன்னும் நாளாயிற்று. 1866இல் தேசிய செக்யுலர் சங்கத்தை ஸ்தாபித்த சார்ல்ஸ் பிராட்லா 1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்து வந்தபோது, அவரைச் சபையில் உட்கார விடவில்லை. ஒரு இரவு பார்லிமெண்டுக் கடிகாரக் கோபுரத்தில் சிறை வைத்தார்கள். வெளியே தள்ளத் தள்ள, தொகுதி ஜனங்கள் அவரையே மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 1886இல்தான் அவர் உட்கார முடிந்தது. 1888இல் அவர் முயற்சியாலேயே, பிரமாணத்துக்குப் பதில் உறுதிமொழி சொல்லலாம் என்ற சட்டம் ஏற்பட்டது. இந்தப் பிராட்லாதான் 1889இல் பம்பாய்க் காங்கிரசுக்கு வந்தவர். அவரோடு மேடையேறிச் செக்யுலரிசம் பேசிய அன்னி பெசண்ட் அம்மையார் 1889இல் பிரம்மஞானக்காரராக மாறி, பின்னால் நம் அடையாற்றுக்கே வந்து சேர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்தில் கரையேறின அம்மையார் இந்தியாவில் மறுபடி முழுகினார்.

ஹோலியோக்குக்கும் பிராட்லாவுக்கும் ஒரு வாதம் நடந்தது. பிராட்லா, "இந்த உலகத்தைக் கவனிக்க ஆரம்பித்தவன் கடைசியில் நாத்திகத்தில்தான் வந்து நிற்பான்" என்றார். ஹோலியோக், "அது அவனவன் அறிவுக்கு விடப்பட்டது, செக்யுலரிசத்துக்கு அது நிபந்தனையல்ல" என்றார். 1870இல் இருவரும் ஒரே மேடையில் நின்று பகிரங்கமாய் இதை வாதித்தார்கள். ஒரு கட்சித் தலைவர்கள் இருவர், ஜனங்கள் முன்னால், காரணங்களை மாத்திரம் வைத்துக்கொண்டு வாதாடியதே நமக்கு ஒரு பாடமாகும்.

இந்த வார்த்தை நம் பக்கம் வந்த கதையும் பழையதுதான். 1880களிலேயே சென்னையில் ஒரு கூட்டத்தார் "லௌகிக சங்கம்" என்று வைத்து, "தத்துவ விவேசினி" என்று தமிழிலும் "திங்க்கர்" என்று இங்கிலீஷிலும் பத்திரிகை நடத்தினார்கள். செக்யுலர் என்பதற்கு அவர்கள் போட்ட வார்த்தையைக் கவனியுங்கள்: லௌகிகம், அதாவது உலகத்தைச் சேர்ந்தது. லத்தீன் வார்த்தையின் உயிரை அப்படியே பிடித்திருக்கின்றார்கள். நம் வீடுகளில்கூட, "அவனுக்கு லௌகிகம் தெரியாது" என்றால் அது புகழ்ச்சியா? பிழைக்கத் தெரியாதவன் என்றல்லவா பொருள்? வைதிகம் படித்தவர் வீட்டிலும் அரிசிக்கும் பருப்புக்கும் லௌகிகந்தான் வேண்டியிருக்கின்றது.

பின்னால் அந்த வார்த்தை மறைந்து, மதச்சார்பின்மை என்று வழங்கலாயிற்று. இது நல்ல தமிழ்தான். ஆனால் இதில் ஒரு குறை உண்டு. லௌகிகம் என்பது எதைக் கவனிக்கவேண்டும் என்று சொல்லிற்று. மதச்சார்பின்மை என்பது எதைச் சாராமல் இருக்கவேண்டும் என்று மாத்திரம் சொல்லுகின்றது. அதனாலேயே, "எல்லா மத விழாவுக்கும் போய் வந்தால் யாரையும் சாராதவனாகிவிட்டேன்" என்று மந்திரிகள் சொல்ல இடமேற்படுகின்றது.

அரசியல் சட்டத்தில் இந்த வார்த்தையைச் சேர்க்கவேண்டும் என்று கே.டி.ஷா 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கேட்டார், சபை ஏற்கவில்லை. முகவுரையில் அது ஏறியது 1976இல் 42வது திருத்தத்தினால்தான். அதை எடுத்துவிடவேண்டும் என்று போட்ட வழக்குகளைச் சுப்ரீம் கோர்ட் 2024இல் தள்ளிவிட்டது. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 1950இல் அமுலுக்கு வந்த மூலச் சட்டத்திலேயே, 25வது பிரிவில் இந்த வார்த்தை இருக்கின்றது. மத அனுஷ்டானத்தோடு ஒட்டிய பொருளாதார, பண, அரசியல் மற்றும் "செக்யுலர்" காரியங்களைச் சர்க்கார் ஒழுங்கு செய்யலாம் என்று அங்கே எழுதியிருக்கின்றது. முகவுரையில் இருப்பது அலங்காரம் என்றால், இங்கே இருப்பது ஆயுதம்.

அந்த ஆயுதத்தின் கூர்மையை நம் நாட்டிலேயே பார்த்தோம். 1970இல் சென்னைச் சட்டசபை, கோயில் அர்ச்சகர் வேலைக்குப் பரம்பரைப் பாத்தியதை இல்லை என்று சட்டம் செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1972இல் கோர்ட் சொன்னது என்ன? பூசை செய்வது மத காரியம். ஆனால் பூசை செய்ய ஆள் நியமிப்பது செக்யுலர் காரியம், அதாவது லௌகிகம் என்று சொல்லிற்று. தகப்பனுக்குப் பின் மகன் என்கின்ற பாத்தியதை அந்த ஒரு வார்த்தையில் அறுந்தது. ஆனால் ஆகமத்துக்கு விரோதமாய் நியமிக்கக்கூடாது என்ற தாழ்ப்பாளையும் அதே தீர்ப்பு வைத்தபடியால், பயிற்சி பெற்ற எல்லா ஜாதியாரிலும் ஒரு கூட்டம் அர்ச்சகராக நியமனம் பெற 2021 வரையில் காத்திருக்கவேண்டியதாயிற்று. சொல் கதவைத் திறக்கும். உள்ளே போக ஆள்தான் நடக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. "மூலப் பொருள் இதுதான், ஆகையால் இன்றும் இதைத்தான் கொள்ளவேண்டும்" என்று நாம் சொல்ல வரவில்லை. பழமை என்பதற்காக ஒரு சாஸ்திரத்தை ஒப்புக்கொள்ளாத நாம், பழமை என்பதற்காக ஒரு வார்த்தையின் அர்த்தத்தை மாத்திரம் எப்படி ஒப்புக்கொள்ளுவது? காலக் கணக்காயிருந்ததைப் பாதிரி மாற்றினான். பாதிரி மாற்றியதைப் பட்டறைத் தொழிலாளி திருப்பினான். வார்த்தை யார் கையில் இருக்கின்றதோ அவர்களுடைய காரியத்தைச் செய்கின்றது. ஆகவே அது நம் கையில் இருக்கவேண்டும் என்பதே நாம் சொல்லுவது.

ஆதலால் தோழர்களே! இனி யாராவது உங்கள் எதிரில் செக்யுலரிசம் என்றோ மதச்சார்பின்மை என்றோ பேசினால், "நீ எந்தச் சாமியைக் கும்பிடுகின்றாய், கும்பிடவில்லை" என்று கேட்டுக்கொண்டிராதீர்கள். "உங்கள் பஞ்சாயத்துப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு, கிணற்றுக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு, உற்சவப் பந்தலுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். நாலு பென்னி எங்கே போகின்றது என்று பாருங்கள். கணக்கைக் காட்டுகின்றவன் எவனோ, அவனே அந்த வார்த்தையைச் சொல்ல யோக்கியதை உடையவன்.